பக்கத்துக் கதிரைத் தோழி

ஆறாம் தரத்தில் இக்கல்லூரிக்கு வந்த முதல் நாள், யார் எந்தக் கதிரையில் இருப்பது என்பதை வகுப்பாசிரியை உயரத்தைப் பார்த்துத் தீர்மானித்தார். அன்று எனக்குப் பக்கத்தில் இருத்தப்பட்டவள்தான் என் தோழி. ஏழு வருடங்கள் போய்விட்டன. இன்று இருவரும் உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கிறோம். இப்போது நான் அவளைவிட நான்கு விரல் உயரம். கதிரை மட்டும் மாறவில்லை.

கல்லூரி வாழ்க்கையில் நல்ல உறவுகளைக் கட்டியெழுப்புவது பற்றி எழுதித் தரும்படி தமிழ் ஆசிரியை கேட்டபோது, "நட்பு தானாக வளரும்" என்றுதான் முதல் வரியை எழுதினேன். பின்னர் அதை வெட்டிவிட்டேன். நான் ஏன் அதை வெட்டினேன் என்பதை அறிந்தால், என் வகுப்புத் தோழிகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் ஏதேனும் பயன் இருக்கலாம்.

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஓர் அதிகாரத்தோடு நிறுத்தவில்லை. 79ஆம் அதிகாரமான 'நட்பு' தொடக்கம் நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, 83ஆம் அதிகாரமான 'கூடா நட்பு' வரை ஐந்து அதிகாரங்கள், ஐம்பது குறள்கள். இவற்றில் கடைசி இரண்டையும் நான் நீண்ட காலம் ஒன்றென்றே எண்ணியிருந்தேன். கெட்ட பிள்ளைகளோடு சேரக் கூடாது, அதுதான் கூடா நட்பு என்று. அது தவறு. தீயவரோடு கொள்ளும் நட்பு 'தீ நட்பு' என்னும் அதிகாரத்துக்குரியது. 'கூடா நட்பு' என்பது முகம் கூடியிருக்க மனம் கூடாத நட்பு. சிரிப்பு இருக்கும், ஸலாம் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. இந்த வேறுபாட்டை ஆசிரியை விளக்கிய நாளில் நான் குறிப்பெழுதாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த அதிகாரம் என்னைப் பற்றியது போல இருந்தது.

நடந்தது இதுதான். சென்ற வருடம் தோழியின் வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போய், கடை சில மாதங்கள் பூட்டிக் கிடந்தது. அவள் இரசாயனவியல் ரியூசன் வகுப்பை நிறுத்தினாள். காரணத்தை வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாள். தவணைப் பரீட்சைக்குப் பத்து நாட்கள் இருக்கும்போது, "சேதன இரசாயனம் ரியூட் தந்திட்டாங்களா?" என்று கேட்டாள். "சேர் இன்னும் தரல்ல" என்றேன். ரியூட் என் புத்தகப்பைக்குள் இருந்தது. பை என் மடியில் இருந்தது.

இரண்டு வாரங்களின் பின் பௌதிகவியல் செய்முறைகளைப் பார்த்தெழுத என் பைலை வாங்கிக்கொண்டு போனாள். அந்த ரியூட்டும் அதற்குள்தான் இருந்தது என்பது அவள் போன பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் திகதியும் போட்டிருந்தேன். அடுத்த நாள் பைல் திரும்பி வந்தது. ரியூட் வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வழமை போல இடைவேளையில் என்னோடுதான் சாப்பிட்டாள். ஆனால் அதன் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை. ஒரு பேனையைக் கூட. ஒருவர் நம்மிடம் கேட்பதை நிறுத்திவிடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? உம்மா மீது பழியைப் போட எனக்கு ஆசைதான். "காசி குடுத்து எடுக்கிற ரியூட்ட ஊருக்கெல்லாம் பங்கு வெக்காத மகள்" என்று அவர் சொன்னது உண்மை. வகுப்புக் காசை எப்படிச் சேர்க்கிறார் என்று எனக்குத் தெரியும், அதனால் அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பொய் என் வாயிலிருந்துதான் வந்தது. பயமும் என்னுடையதுதான். மருத்துவம் போன்ற பாடநெறிகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அப்படியானால் எங்கோ கொழும்பில் இருக்கும் முகம் தெரியாத மாணவியைவிட, அதே மாவட்டத்தில், அதே பிரிவில், பக்கத்துக் கதிரையில் இருப்பவளே எனக்குப் பெரிய போட்டியாளர். பரீட்சை நெருங்கும்போது மனம் இப்படித்தான் கணக்குப் போடுகிறது.

பின்னர் அந்தக் கணக்கை நான் தாளில் உண்மையாகவே செய்து பார்த்தேன். இசட் புள்ளி என்பது ஒருவரின் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து வருவது. ஒரு பாடத்துக்கு 20,000 பேர் தோற்றுகிறார்கள், இடை 45, நியம விலகல் 15, என் புள்ளி 70 என்று வைத்துக்கொள்வோம். என் இசட் புள்ளி 1.6667. இப்போது நான் கொடுத்த ரியூட்டால் தோழியின் புள்ளி 60இலிருந்து 70 ஆகிறது. இடையும் விலகலும் சற்று மாற, என் இசட் புள்ளி 1.6666 ஆகிறது. நான்காம் தசமதானத்தில் ஒன்று! அதற்காகத்தான் ஏழு வருடத் தோழியிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் கணக்கு இங்கே முடியவில்லை. அவள் என்னை முந்தினால் மாவட்ட நிரலில் நான் ஓரிடம் கீழே போவேன். அந்த ஓரிடமே வெட்டுப்புள்ளிக்கு மேலும் கீழுமாக இருந்தால்? இதற்கு என் தாளில் விடை வரவில்லை. ரிஸ்கை அளப்பவன் அல்லாஹ் என்று சிறு வயதிலிருந்து ஓதி வருகிறோம். இந்த ஓரிடத்தில் அதை நம்புகிறேனா இல்லையா என்பதுதான் கேள்வி என்று பட்டது.

இஸ்லாம் பாடத்தில் நாம் எல்லோரும் படித்த ஒரு நிகழ்வு உண்டு. கி.பி. 622இல் ஹிஜ்ரத்தின் பின், மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்ஸாரிகளையும் நபி (ஸல்) அவர்கள் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். அப்படி இணைக்கப்பட்ட ஸஅத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள், தம் செல்வத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுமாறு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களிடம் கூறினார்கள். அவரோ அதில் பரகத் உண்டாகப் பிரார்த்தித்துவிட்டு, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார். அங்கு போய்ப் பாலாடைக் கட்டியும் நெய்யும் வியாபாரம் செய்து முன்னேறினார். பரீட்சைக்கு இதைக் கொடுத்தவரின் தாராளமாக மட்டுமே எழுதி வந்தேன். இப்போது கேட்டவரையும் பார்க்கிறேன். பாதியைக் கொடுக்கத் தயாராக இருந்தவரிடம் அவர் கேட்டது ஒரு வழியை மட்டும்தான். என் தோழியும் என் இசட் புள்ளியைக் கேட்கவில்லை. சந்தைக்கு வழி கேட்டாள், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஸல்மான் (ரழி), அபூதர்தா (ரழி) இருவரின் சம்பவம். அபூதர்தா வணக்கத்திலேயே மூழ்கிக் குடும்பத்தைக் கவனியாமல் இருப்பதை அவரது வீட்டுக்கு வந்த ஸல்மான் கண்டார். வெளியே போய் நாலு பேரிடம் கதைக்கவில்லை. அன்றிரவு அங்கேயே தங்கினார். அவரைச் சாப்பிட வைத்தார், தூங்க வைத்தார், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவருமாகத் தொழுதார்கள். அதன் பிறகுதான் இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உள்ள உரிமைகளை எடுத்துச் சொன்னார். ஸல்மான் சொன்னது சரி என்று நபியவர்களும் கூறினார்கள். குறையைக் கண்டவர் குறையுள்ளவரின் வீட்டிலேயே ஓர் இரவு தங்கினார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நமது வட்ஸ்அப் குழுக்களில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது: ஒருத்தியின் குறை அவளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஸூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் பரிகாசம் செய்வதைத் தடுக்கும்போது பெண்களைத் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்வதையும், பட்டப்பெயர் சூட்டுவதைத் தடுப்பதையும், குழுவில் ஒரு பட்டப்பெயரைத் தட்டச்சு செய்யுமுன் நினைத்துப் பார்க்கலாம்.

என் தோழி அந்த விடயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் காதுக்கு வந்திருக்கும், எங்கள் வகுப்பு அப்படி. ஆறு வாரங்கள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரி விட்டு வாசலில் நிற்கும்போது ரியூட்டை அவளிடம் நீட்டினேன். "இது அன்றைக்கே என்னிடம் இருந்தது. பொய் சொன்னேன்" என்று சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பாதிதான் வாயில் வந்தது.

"எனக்குத் தெரியும்டி. பைலுக்குள்ள அண்டைக்கே கண்டன்."

"பிறகு ஏன் கேக்கல்ல?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

அவள் அன்றே கேட்டிருக்கலாம் என்று எனக்கு இப்போதும் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. அப்படி நினைக்க எனக்கு உரிமையில்லை என்பதும் தெரியும். போட்டோகொப்பி எடுத்துத் தருகிறேன் என்றேன். "கொப்பி வேணாம், நீயே சொல்லித் தா" என்றாள். நான் எதிர்பார்க்காதது அது. கொப்பிக்குப் பத்து நிமிடம் போதும். சொல்லிக் கொடுக்க என் சனிக்கிழமைகள் போகும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்ல அனுமதி வேண்டும். தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வரும் நாளில் எங்கள் புள்ளியைப் பார்த்த உடனே "அவ எத்தின?" என்று தோழியின் புள்ளியைக் கேட்கிறீர்கள். எங்கள் நன்மைக்காகவே கேட்கிறீர்கள். ஆனால் அந்தக் கேள்வி அடுத்த நாள் எங்களோடு வகுப்புக்கு வந்து, இரண்டு கதிரைகளுக்கும் நடுவில் இருந்துகொள்கிறது. இதை உம்மாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த சனிக்கிழமை நான் தோழி வீட்டுக்குப் புறப்படும்போது, அவளது வாப்பாவுக்கென்று கஞ்சி காய்ச்சிக் கையில் தந்துவிட்டார்.

இப்போது அவர்களது விறாந்தையில்தான் எங்கள் வகுப்பு. சாச்சி பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன். ஒரு தாக்கத்தின் பொறிமுறையை எழுதிக் காட்டிக்கொண்டு போகையில், மூன்றாம் படியில் "இது எப்படி வந்தது?" என்று கேட்டாள். ரியூட்டில் இருந்தது, பாடமாக்கியிருந்தேன், ஆனால் ஏன் என்று தெரியவில்லை. வகுப்புக்கே போகாதவள் என்னைவிடச் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டாள். புத்தகத்தைப் புரட்டினோம், அஸர் பாங்கு சொல்லும் வரை வாதாடினோம். அது இன்னும் தீரவில்லை. திங்கட்கிழமை முதலாம் பாடவேளை இரசாயனவியல். மிஸ்ஸிடம் யார் எழுந்து கேட்பது என்பதில்தான் இப்போது சண்டை.