புல் வெட்டும் இயந்திரத்தின் பற்சில்லுத் தலைக்கு மசகிடும் முறை

வைகாசி மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகளில் களை எவ்வளவு விரைவாக எழும்பும் என்பதைக் கமக்காரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்று வெட்டிய வரம்பு பதினைந்து நாளில் மீண்டும் முழங்கால் அளவு புல்லால் மூடிவிடுகிறது. முற்காலத்தில் தேயிலை மலைகளில் சுரண்டியும் மண்வெட்டியுமே களைக்கு எதிரான ஆயுதங்களாக இருந்தன. அவற்றால் களையுடன் மேல்மண்ணும் பெயர்ந்து, மழைநீரோடு கானில் இறங்கி ஆற்றுக்குச் சென்றது. பின்னர் களைநாசினிகள் வந்தன. 2015 ஆம் ஆண்டில் கிளைபொசேற் என்னும் களைநாசினி இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் இயந்திரங்கள் தோட்டங்களில் பெருகின. இன்று அவை நுவரெலியாவின் மரக்கறித் தோட்டங்களிலும், கொத்மலை, வலப்பனைப் பகுதிகளின் வயல் வரம்புகளிலும் ஒலிப்பதைக் கேட்கலாம்.

இவ்வியந்திரத்தை வாங்குவோர் பெற்றோலையும் எண்ணெயையும் கவனமாகக் கலக்கின்றனர். காற்று வடியைக் கழுவுகின்றனர். நைலோன் நூல் தேய்ந்தால் மாற்றுகின்றனர். ஆயினும் குழாயின் அடியில், புல்லுக்கும் சேற்றுக்கும் நடுவே சுழலும் சிறு உலோகத் தலையை மட்டும் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். மலைநாட்டில் என்னிடம் பார்வைக்குக் கொண்டுவரப்படும் இயந்திரங்களில், எஞ்சின் நன்றாக இருக்க, இத்தலை அழிந்தமையால் மூலையில் போடப்பட்டவை பல. ஒரு புதிய தலையின் விலையை மழைக்காலத்தின் நடுவில் தேடுவது எளிதன்று. ஆதலின் இத்துண்டுப் பிரசுரம் அதனைப் பற்றியே பேசுகின்றது.

முதலில் அதன் உள்ளமைப்பை அறிந்து கொள்ளல் வேண்டும். மேலே எஞ்சின் சுழல்கின்றது. நீண்ட குழாயினுள் ஓர் எஃகுத் தண்டு அச்சுழற்சியைக் கீழே கொண்டுவருகின்றது. குழாய் சாய்வாக வருகின்றது. வெட்டும் நூலோ நிலத்திற்குச் சமாந்தரமாகச் சுழலுதல் வேண்டும். இத்திசை மாற்றத்தைச் செய்பவை, கூம்பு வடிவில் பல் வெட்டப்பட்ட இரு பற்சில்லுகள். தண்டின் நுனியில் உள்ளது சிறியது. வெட்டும் தலையைத் தாங்குவது பெரியது. அதனால் வேகம் சற்றுக் குறைந்து வலு கூடுகின்றது. அவ்வாறு குறைந்த பின்னரும், பல இயந்திரங்களில் வெட்டும் தலை நிமிடத்திற்கு 6,000 முதல் 8,000 முறை வரை சுழல்கின்றது. கட்டை விரலளவான பற்சில்லுகள் இவ்வேகத்தில் ஒன்றையொன்று அழுத்தி ஓடுகின்றன. அவற்றைத் தாங்குபவை சிறு குண்டுப் போதிகைகள். இவையனைத்திற்கும் காவலாக இருப்பது உள்ளே உள்ள கிறீஸ் மாத்திரமே.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. சுழலும் நூலால் புல் வெட்டும் எண்ணம் 1971 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தவரான ஜோர்ஜ் பலஸ் என்பவருக்கு, மோட்டர் வாகனங்களைக் கழுவும் சுழல் தூரிகைகளைக் கண்டபோது தோன்றியது. அவர் ஒரு தகரப்பேணியில் நூலைக் கட்டிச் சுழற்றிப் பார்த்தார். வளைந்த குழாயுடைய சிறு இயந்திரங்களில் இன்றும் பற்சில்லுகள் இல்லை; அவற்றில் வளையும் தண்டுக்கே கிறீஸ் பூசப்படும். நேரான குழாயுடைய இயந்திரங்களுக்கே நாம் இங்குக் கூறும் முறை பொருந்தும். நம் மலைச்சரிவுகளில் பயன்படுபவை பெரும்பாலும் அவையே.

மாட்டு வண்டியின் அச்சுக்கு மசகிட்டவர்கள் நம் முன்னோர். அங்கே மசகு கூடினால் வெளியே வழிந்ததேயன்றி வேறு கேடில்லை. இங்கு அவ்வாறன்று. இதனை நான் கற்றது வேறொருவருடைய செலவில். விவசாயப் பாடசாலையில் சான்றிதழ் பெற்றுப் பணிக்கு வந்த முதலாம் ஆண்டில், ஹற்றனுக்கு அண்மையில் லீக்ஸ் பயிரிடும் ஒருவர் தமது இயந்திரத்தின் தலை சூடேறுவதாகக் கூறினார். "கிறீஸ் போதாது, நிறையப் போடுங்கள்" என்றேன். அவரும் அயலிலிருந்த வாகனத் திருத்துமிடத்தில் கிறீஸ் துப்பாக்கியை இரவல் வாங்கி, கை கொண்ட மட்டும் அழுத்தி நிரப்பினார். இரண்டாம் நாள் அடிப்பக்க அடைப்பு வளையம் பிதுங்கி வெளியே வந்தது. கிறீஸ் புல் மீது சிந்தியது. அவ்வழியே மண்ணும் நீரும் உட்சென்று, மூன்றாம் கிழமையில் போதிகை உடைந்தது. அது ஆனி மாதம். களை லீக்ஸ் நாற்றுகளை மூடிக்கொண்டிருந்தது. அவரும் மனைவியாரும் இரு பாத்திகளைக் கையாலேயே களை பிடுங்கினர். மூன்றாவது பாத்தியைக் கைவிட்டனர். "ஐயா, நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னீர்கள்" என்று அவர் சொன்னார். ஆனால் எவ்வளவு என்று நான் சொல்லவில்லை. பிழை அதுவே.

நிறைய இட்டால் ஏன் கெடுகின்றது? உள்ளே காற்றுக்கு இடமில்லாதபோது பற்சில்லுகள் கிறீஸைக் கடைந்து கொண்டே இருக்கின்றன. கடைவதால் சூடு பிறக்கின்றது. சூட்டால் கிறீஸ் விரிகின்றது. விரிந்தது அடைப்பு வளையத்தைத் தள்ளிக்கொண்டோ, குழாய் வழியே மேலேறியோ வெளியே செல்கின்றது. ஆகவே தலையை முழுதாக நிரப்புதல் கூடாது. பற்கள் நனைந்திருந்தால் போதும்.

கிறீஸைத் தெரிவு செய்தலும் கவனிக்கற்பாலது. கிறீஸ் என்பது எண்ணெயும், அதனைப் பஞ்சு போல் ஏந்தி நிற்கும் ஒருவகைச் சவர்க்காரமும் சேர்ந்தது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சுண்ணாம்புச் சவர்க்காரக் கிறீஸ் நீரைத் தாங்கும். ஆனால் சூடேறினால் இளகி ஒழுகிவிடும். பற்சில்லுத் தலைக்கு வேண்டுவது இலிதியம் சவர்க்காரத்தாலான, மிகையழுத்தம் தாங்கும், இரண்டாம் இலக்கக் கிறீஸ் ஆகும். பேணியின் மீது "இலிதியம்" என்ற சொல்லும் "ஈ.பி. 2" என்ற குறியும் உள்ளனவா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குக. இயந்திரக் கடைகளில் விற்கும் சிறு குழாயில் அடைத்த கிறீஸ் விலை சற்றுக் கூடியதாயினும், மண் கலவாமல் இருப்பதால் அதுவே சிறந்தது என்பது என் கருத்து. வேறு வேறு வகைக் கிறீஸ்களை ஒன்றாகக் கலத்தல் வேண்டாம். சில கலவைகள் நீர்த்துப்போகும்.

இனி, இடும் முறை. எஞ்சினை நிறுத்தி, தலை ஆறும்வரை பொறுத்திருந்து, தீப்பொறிப் பிளக்கின் தொப்பியைக் கழற்றி வைக்கவும். இதனைச் செய்யாமல் வெட்டும் தலையில் கை வைத்தல் ஒருபோதும் ஆகாது. தகட்டு வெட்டி பூட்டியிருந்தால் அதனையும் முதலில் அகற்றுக. பின்னர் தலையின் பக்கவாட்டில் உள்ள திருகாணி மேல்நோக்கி இருக்குமாறு இயந்திரத்தைக் கிடத்தவும். திருகாணியைச் சுற்றியுள்ள புல்லையும் மண்ணையும் தூரிகையாலும் துணியாலும் நன்கு துடைத்தல் வேண்டும். இங்கே சோம்பினால் கிறீஸுடன் மணலும் உட்செல்லும். மணல் கலந்த கிறீஸ் அரம் போன்றது.

திருகாணியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பாருங்கள். அதில் கிறீஸ் ஒட்டியிருந்தால் புதிதாக இட வேண்டியதில்லை, மூடிவிடலாம். ஒட்டாமல் உலர்ந்திருந்தால், குழாயைத் துளையில் பொருத்தி 5 முதல் 10 கிராம் வரை பிதுக்குக. 10 கிராம் என்பது ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி. சிறிய தலைகளுக்கு ஒரு தேக்கரண்டியே மிகுதி. கையுறை அணிந்து வெட்டும் தலையைக் கையால் சில முறை சுற்றினால் கிறீஸ் பற்களில் பரவும். திருகாணியை மூடும்போது பலத்தைக் காட்டாதீர்கள். தலையின் உடல் மெல்லிய உலோகக் கலவையாலானது, புரி கழன்றுவிடும்.

சில நிறுவனங்களின் இயந்திரங்களில் முறை வேறு. அவற்றில் அடியிலுள்ள தாங்கியைக் கழற்றிவிட்டு, பழைய கிறீஸ் கீழ்வழியே வெளிவரும்வரை புதியதை இடுமாறு கைந்நூல் கூறும். கீழ்வழி திறந்திருப்பதால் அங்கே அடைப்பு வளையத்திற்குக் கேடில்லை. உங்கள் இயந்திரம் எவ்வகை என்பதைக் கைந்நூலின் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்க. தாங்கியைக் கழற்றும்போது மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்: பெரும்பாலான இயந்திரங்களில் அச்சுரை இடப்புரி உடையது. வழக்கமான திசையில் திருப்பினால் அது மேலும் இறுகும். துளையில் ஆணியைச் செருகித் தண்டை நிறுத்திக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பிக் கழற்றவும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பலர் கேட்கின்றனர். நாளைக் கொண்டன்று, இயந்திரம் ஓடிய மணித்தியாலத்தைக் கொண்டே கணக்கிடுதல் வேண்டும். கைந்நூல்கள் சில 25 மணித்தியாலம் என்றும், சில 50 என்றும் கூறும். தேயிலை மலையில் ஒப்பந்தத்திற்குப் புல் வெட்டுபவர் நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலம் இயந்திரத்தை ஓட்டினால், ஐந்து நாளில் 25 மணித்தியாலம் ஆகிவிடும். அவர் கிழமைக்கு ஒருமுறை திருகாணியைத் திறந்து பார்த்தல் நன்று. தம் மரக்கறித் தோட்டத்தில் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் வெட்டுபவருக்கு அது மூன்று மாதத்திற்கு ஒருமுறை வரும்.

நெல் வயல் வரம்பு வெட்டுவோர்க்கு இக்கணக்குப் பொருந்தாது. வேலை செய்து சூடான தலை வயல் நீரில் அமிழ்ந்தால் சட்டெனக் குளிர்கின்றது. உட்காற்று சுருங்கி, அடைப்பின் ஓரமாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றது. அத்தகைய நாளின் மாலையிலேயே திருகாணியைத் திறந்து பாருங்கள். கிறீஸ் பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்பது பொருள். அதன் மேல் புதிய கிறீஸ் இடுவதால் பயனில்லை. தலையைக் கழற்றி, பழையதை வழித்தெடுத்து, உலர்த்திய பின்னரே புதியதை இடுதல் வேண்டும். இதே காரணத்தால், அழுத்தக் குழாய் நீரைத் தலை மீது பாய்ச்சிக் கழுவுவதையும் தவிர்க்கவும்.

புல்லும் அறுந்த நைலோன் நூலும் தாங்கியின் அடியில் சுற்றிக்கொள்வதையும் காண்பீர்கள். நாளாந்தம் அவற்றைக் கத்தி முனையால் நீக்குக. விட்டுவைத்தால் நூல் உருகி, அடைப்பு வளையத்தை அறுத்து உட்புகும்.

பத்து நிமிடம் வெட்டிய பின் எஞ்சினை நிறுத்தி, தலையை முதலில் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க இயலாத சூடாயின் கிறீஸ் குறைவு, அல்லது என் லீக்ஸ் நண்பருக்கு நேர்ந்தது போல் மிகை. வெட்டும் தலையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா, கையால் சுற்றினால் மணல் அரைவது போன்ற உணர்வு வருகிறதா என்பனவற்றையும் பாருங்கள். இவை இருந்தால் போதிகை தேய்ந்துவிட்டது. கிறீஸ் அதனைச் சீராக்காது. அந்நிலையில் போதிகையை மட்டும் மாற்றினால் பற்சில்லுகள் தப்பும். இன்னும் பத்து நாள் பொறுத்து ஓட்டினால் தலை முழுவதையும் வாங்க நேரிடும்.

கிறீஸ் குழாய், திருகாணிக்குரிய சாவி, பழந்துணி ஆகிய மூன்றையும் ஒரு சிறு பையிலிட்டு இயந்திரத்தின் தோள்வாரிலேயே கட்டி வையுங்கள். கடைசியாக இட்ட திகதியையும், அதன் பின் ஓட்டிய மணித்தியாலங்களையும் குறிக்க ஒரு துண்டு அட்டை அப்பையில் இருக்கட்டும்.