சத்துணவு இருக்க பாக்கெட் எதுக்கு?

தங்கச்சிகளா, பள்ளிக்கூடம் திறந்துட்டா "பிள்ளைக்கு மத்தியானம் என்னக்கா கொடுத்துவிட?" என்ற கேள்வி வந்துவிடும். குலசை, உடன்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் பாதிக் கவலை உங்களுக்கு இல்லை. காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, இன்று வாரம் ஐந்து முட்டையோடு வருகிறது. 2022 முதல் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் படிப்படியாக வந்திருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பத்து ரூபாயைக் கையில் கொடுத்து மசாலா பாக்கெட் வாங்க விடுவது, நாமே காசு கொடுத்துக் கெடுக்கிற வேலை.

தட்டில் என்ன மிஞ்சியது என்று சாயங்காலம் கேளுங்கள். அநேகமாகக் கீரையும் காயும்தான். முருங்கைக்கீரையில் ஈர்க்கு கிடந்தால் தொண்டையில் குத்தும். பிள்ளை மொத்தத்தையும் ஒதுக்கிவிடும். ராத்திரியே கொத்தைத் துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறினாலே இலை தனியாக உதிர்ந்துவிடும். தேரிக்காட்டு மண்ணில் முருங்கைக்குப் பஞ்சமா? வீட்டு மரத்தில் மிஞ்சுகிறதென்றால் சத்துணவு அமைப்பாளரிடம் கேட்டுப் பள்ளிக்கும் கொடுங்கள். பக்கத்து மரத்துக் கீரை வாடாது, லாரி ஏறி வரவும் வேண்டாம்.

குலசை தசராவுக்கு விரதமிருந்து மாலை போட்ட பிள்ளை முட்டையைத் தொடாது. அதை முன்கூட்டியே பள்ளியில் சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. சொல்லாமல் விட்டால் அவித்த முட்டைதான் வீணாகும்.

வீட்டிலிருந்து கட்டித்தான் ஆக வேண்டுமா? என் ஓட்டு உளுந்தஞ்சோறுக்கு. ஒரு கப் அரிசிக்கு அரை கப் தொலி உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, ஏழெட்டுப் பூண்டுப் பல், கொஞ்சம் வெந்தயம், சீரகம், ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்து நாலு கப் தண்ணீர் விட்டுக் குக்கரில் வைத்துவிடுங்கள். தொலியைக் கழுவித் தள்ளிவிடாதீர்கள், நார்ச்சத்து அதில்தான். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். தேங்காய் சேர்ந்த சோறு, அதனால் ஆவி அடங்கின பிறகே டப்பாவை மூடுங்கள். சூட்டோடு மூடினால் நம்ம ஊர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள் வாடை வந்துவிடும்.

இடைவேளைத் தீனிக்குப் பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, மற்ற நாளில் அவித்த பாசிப்பயறோ நிலக்கடலையோ போதும். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். அதற்காகக் கட்டி கட்டியாகக் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் இனிப்புதானே. கடலையோடு ஒரு சின்னத் துண்டு கடித்தால் சரி.

தீனி கொண்டுபோக எவர்சில்வர் டப்பாவோ பனையோலைப் பெட்டியோ இருக்கட்டும். மணப்பாட்டில் ஓலைப் பெட்டி முடைகிற பெண்களிடமே வாங்கலாம். ஈரப் பண்டத்துக்கு மட்டும் ஓலை ஆகாது. ஒருதடவை தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் பைக்கும் கப்புக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும் அது கடற்கரையில் கிடக்கிறது என்றால், நாமும் வாங்குகிறோம் என்றுதான் அர்த்தம்.

"முதலில் கொஞ்சம் வாங்கு, தின்னு முடிச்சுட்டு மறுபடி கேளு" என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். பெரிய மிச்சம் விழுவது முதல் கரண்டியில்தான். அப்படியும் மிஞ்சினால் பள்ளியிலேயே குழி தோண்டிச் சருகோடு மட்க வைக்கலாம். தேரி மணலில் தண்ணீர் நிற்காது, மட்கு சேர்ந்தால் ஈரம் கொஞ்சம் தங்கும். தட்டு கழுவுகிற தண்ணீரையும் அந்தப் பக்கமே வாழைக்குத் திருப்பிவிடலாம்.

இதையெல்லாம் பேசப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்தான் இடம். பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் போங்கள். மத்தியானச் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.