இஸ்திரி வண்டியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்தேன். குலசை தசராவில் காளி வேடம், அலங்காநல்லூர் வாடிவாசல், மார்கழிப் பனியில் கோபுரம். எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன, ஃபோகஸ் எதிலும் தப்பவில்லை. கூடவே ஒரு வரி எழுதியிருந்தாய்: "எங்க ஊர்ல எடுக்க ஒண்ணுமே இல்லண்ணா. பஸ் ஸ்டாண்டு, நாலு டீக்கடை, ஒரு ரைஸ்மில். காசிக்குப் போகலாம்னு இருக்கேன்." தாராளமாகப் போய் வா. அதற்கு முன் சில விஷயங்களைப் பேசிவிடுவோம். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

திருவிழாவில் படம் தானாக வந்து எதிரில் நிற்கும். என்ன நிறம், எந்த பாவனை என்பதையெல்லாம் வேடம் கட்டியவரே முடிவு செய்துவிட்டார். நல்ல இடம் பிடித்து நிற்பதுதான் உன் வேலை. பக்கத்தில் முண்டியடிக்கும் மற்ற கேமராக்களுக்கும் ஏறக்குறைய அதே படம்தான் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை மதியம் உன் ஊர் கடைத்தெருவில் அப்படி எதையும் யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். எதைப் பார்ப்பது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். 'ஒண்ணுமே இல்ல' என்று தோன்றுவது அதனால்தான்.

யூஜீன் அட்ஜே என்ற பிரெஞ்சுக்காரரைத் தேடிப் பார். பாரிஸின் கடைமுகப்பு, மாடிப்படி, கதவுப்பிடி என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் படமெடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தவர். 1912 ஏப்ரலில் பாரிஸில் சூரிய கிரகணம். ஊரே வானத்தைப் பார்த்தது. அட்ஜே, பாஸ்டில் சதுக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைப் படமெடுத்தார். கிரகணம் அந்தப் படத்தில் இல்லை. ஆனால் அந்த நாள் இருக்கிறது: தொப்பிகள், கண்ணருகே தூக்கிய கைகள், ஒரே திசையில் திரும்பிய முகங்கள். 1926இல் சர்ரியலிஸ்டுகள் அதைத் தங்கள் பத்திரிகையின் அட்டையில் போட்டபோது, பெயர் வேண்டாம், இவையெல்லாம் வெறும் ஆவணங்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். அந்த அடக்கத்தைக் கற்றுக்கொள். அர்த்தத்தைத் தேடிக்கொண்டு கேமராவைத் தூக்காதே. ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள், அர்த்தம் பின்னால் வரும்.

உன் தெருமுனையில் ஒரு இஸ்திரி வண்டி இருக்கும். ஒரு காலை முழுக்க அதன் பக்கத்தில் நில். முதலில் தெரிவது, புகை, கரி, உழைக்கும் மனிதர் என்ற வழக்கமான படம். கொஞ்ச நேரம் போகட்டும். பலகைமேல் பழைய போர்வைகளை அடுக்கடுக்காக விரித்திருப்பார், ஓரங்களில் பழுப்பாகத் தீய்ந்திருக்கும். பெட்டியைத் துணிமேல் வைப்பதற்கு முன் ஒரு உதறு உதறிச் சாம்பலைத் தள்ளுவார். அந்த உதறல் தவறினால் யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை போச்சு. குவளையிலிருந்து விரல்நுனியால் தண்ணீரைத் தெளிக்கும் கை ஒன்று, பெட்டியைத் தள்ளும் கை ஒன்று. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. மூட்டைகள் அந்தந்த வீட்டுப் பழைய வேட்டியிலோ படுக்கைவிரிப்பிலோ கட்டியிருக்கும். எது எந்த வீட்டு மூட்டை என்று முடிச்சைப் பார்த்தே சொல்கிறாரா, துணியைப் பார்த்தா? கேள். பெட்டியின் மரப்பிடியில் கை படும் இடம் மட்டும் வழவழப்பாகக் கறுத்திருக்கும். இவ்வளவும் தெரிந்தபிறகு நீ எடுக்கும் பிடியின் படம், வெறும் பிடியின் படமாக இருக்காது. பல ஊர்களில் கரிப்பெட்டி போய் கேஸ் பெட்டி வந்துகொண்டிருக்கிறது. நீ இன்று எடுப்பது பத்து வருஷத்தில் ஆவணமாகிவிடும்.

இடம் சின்னது என்று வருந்துபவர்களுக்கு ஜோசப் சுடெக்கைச் சொல்வேன். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். பிராகில் தன் ஸ்டூடியோவின் ஜன்னலை 1940 முதல் 1954 வரை திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் வெளியே சுதந்திரமாகக் கேமராவோடு திரிய முடியாது. கண்ணாடியில் படிந்த ஆவி, பனி, வெளியே ஒரு கோணல் மரம். அதே ஜன்னல், ஒவ்வொரு நாளும் வேறு படம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் புகைப்படக்காரர் ஜெய்சிங் நாகேஸ்வரன் கொரோனா ஊரடங்கின்போது வாடிப்பட்டியில் தன் குடும்பத்தைத்தான் படமெடுத்தார்.

கைவேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 35 அல்லது 50 எம்எம், ஏதாவது ஒரு லென்ஸ் போதும். ஜூம் இருந்தால் கால் நகராது. நம் ஊர் உச்சி வெயில் கண்குழியைக் கறுப்பாக்கிவிடும், அதற்காக மாலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடையின் தகரக் கூரைக்குள் ஓர் அடி தள்ளி ஆள் நின்றால், ரோட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மெதுவாக விழும். வெள்ளை வேட்டி வெயிலில் இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறை, இல்லாவிட்டால் மடிப்புகள் மொத்தமாக வெளுத்துவிடும். டீயின் ஆவி படத்தில் விழ வேண்டுமானால் வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டு இருக்க வேண்டும். இதெல்லாம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

கைக்கு வர நாளாவது, மனிதர்களிடம் பழகுவது. சுருக்கம் விழுந்த பாட்டி முகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் போட்டிக்கு அனுப்புவது நம்மிடையே ஒரு தொற்றுநோய். அந்தப் பாட்டியின் பெயர் கேட்டால் எடுத்தவருக்குத் தெரியாது. நீ பெயரைக் கேள், என்ன வேலை செய்தார் என்று கேள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடு. எடுத்தால், பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடு. போனில் காட்டுவது கொடுத்ததாகாது. பிரின்ட்டோடு போகும்போதுதான் உட்காரச் சொல்வார்கள், டீ வரும், முதல் நாள் சொல்லாத கதையும் வரும். அடுத்த படம் அங்கிருந்துதான் தொடங்கும்.

இப்போது ஒரு வேலை. உன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் பத்துப் படம் எடு. ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, ஆளின் பெயர், படத்தைப் பார்த்தால் மட்டும் தெரியாத ஒரு விஷயம், இவற்றை இரண்டு வரியில் தமிழில் எழுது. 'அழகு', 'வறுமை', 'ஏக்கம்' என்ற சொற்கள் வரக்கூடாது. எழுத எதுவும் இல்லையென்றால் படத்தைத் திருத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே, அந்த இடத்துக்கு மறுபடியும் போ. பத்தும் சேர்ந்ததும் எனக்கு அனுப்பு. காசிக்கு டிக்கெட் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்