பயங்கரவாதமும் கடல் வாணிபமும்

வியாபாரத்துக்கு முதல் வேண்டும் என்பதை நாம் அறிவோம். பணத்துக்கும் முந்திய முதல் ஒன்றுண்டு, அது அமைதி. சரக்கு ஏற்றினால் போய்ச் சேரும், கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அமைதியில்தான் பிறக்கிறது. ஒரு சிறு கூட்டம் அதை எவ்வாறு குலைத்துவிடும் என்பதற்குச் சூலூ கடல் நமக்குப் பாடம்.

சபாவுக்கும் தென் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கும் நடுவே பண்டமாற்று வியாபாரம் நெடுங்காலமாக நடந்து வருவது. சபாவிலிருந்து அரிசி, சீனி, எண்ணெய் போகும்; தாவி தாவித் தீவுகளிலிருந்து மீனும் கடற்பாசியும் வரும்.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் அபு சயாப் கூட்டத்தார் சிப்பாடான் தீவில் 21 பேரைப் பிடித்து ஹோலோ தீவுக்குக் கொண்டு போனார்கள். மீட்புப் பணம் கைமாறியது. இதன் கணக்கு வியாபாரிகளாகிய நமக்கு எளிதில் விளங்கும். ஆளைப் பிடித்தால் பணம் வரும் என்று கண்டவன், அந்தப் பணத்தையே முதலாக்கிப் படகும் துப்பாக்கியும் வாங்குவான்.

2016இல் இழுவைப் படகு மாலுமிகள் அடுத்தடுத்துக் கடத்தப்பட்டனர். ஏப்ரலில் சபா அரசாங்கம் கீழ்க்கரைப் பண்டமாற்றை நிறுத்தி வைத்தது. சபாவில் படகுக்காரருக்கும் சுமை தூக்குவோருக்கும் பிழைப்புப் போயிற்று. தாவி தாவியில் அரிசி விலை ஏறிற்று. குற்றம் செய்தவர் சிலர். நஷ்டப்பட்டவர் அவர்களை ஒருநாளும் கண்டிராத ஏழைகள். 2017 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது.

அவ்வாண்டு மே 23இல் அபு சயாப் தலைவன் ஒருவனும் மாவுத்தே கூட்டத்தாரும் சேர்ந்து மராவி நகரைப் பிடித்தனர். ஐந்து மாதச் சண்டையில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்து வெளியேறினர். மார்க்கத்தின் பெயரைச் சொல்லி வந்தவர்களால் பாழானது முஸ்லிம்கள் நிறைந்த ஊர். கடைத்தெருவும் பள்ளிவாசல்களும் இடிந்தன.

கொள்ளையர் படகு ஒரு நாட்டுக் காவலுக்குத் தப்பி மறுநாட்டுக் கடலில் ஒளிந்துகொள்ளும். ஆகவே மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் 2017 ஜூனில் கூட்டு ரோந்தைத் தொடங்கின. பின்னர் ஆள்கடத்தல் வெகுவாகக் குறைந்தது. அண்டை வீட்டார் ஒன்றுபட்டால் திருடனுக்கு இடமில்லை.

கப்பல் கடலைக் காக்கும். பணப்பெட்டியை நாமே காக்க வேண்டும். மராவிச் சண்டைக்கு வெளிநாட்டுப் பணமும் போயிற்று. ஆதலால், வசூல் புத்தகத்தோடு கடைக்கு வருகிறவர் யார், பணம் எங்கே போகிறது என்று விசாரிப்போம். ரசீது பெற்றே கொடுப்போம். தருமம் செய்யும் கையே தீமைக்கு முதல் கொடுத்துவிடலாகாது.