ஏரிக்கரையில் ஓர் எழுத்து

நுழையும்முன்

மன்னர் செய்தியைக் கல் சொல்லும். எளிய மக்களின் செய்தியை மண் சொல்லும். இலங்கையின் தென்கோடியில், ஏரிக்கரை ஊர் ஒன்றில் கிடைத்த பானையோடு எழுப்பும் வினாக்களை இப்பாடம் விளக்குகிறது.

ஆரணிக்கு அருகிலுள்ள தேவிகாபுரம் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பெரியநாயகி அம்மன் கோயிலில் விசயநகரக் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கோயில் கொடைகளும் ஊர் நடைமுறைகளும் இவ்வாறு கல்லில் நிலைபெற்றன. கல்லில் எழுத இயலாதோர் எதில் எழுதினர்? இவ்வினாவிற்கு ஒரு விடை, கடல் கடந்த திசமகாராமையில் கிடைத்தது.

ஏரியும் ஊரும்

அம்பாந்தோட்டை மாவட்டத்திலுள்ள திசமகாராமை, பண்டைய உருகுணை நாட்டின் தலைநகராகிய மாகாமம் இருந்த இடம். மழை குறைந்த அப்பகுதியில் வேளாண்மைக்கு உயிர்நாடி ஏரியே. ஏரியைச் சிங்கள மொழியில் ‘வெவ’ என்பர். தமிழில் வழங்கும் ‘வாவி’ இதனோடு உறவுடைய சொல்லாகும். திச வாவியின் கரையில் மருத மரங்கள் நிழல் பரப்புகின்றன. வயல்களுக்கு நடுவே, காவன்திசன் எழுப்பியதாகக் கூறப்படும் வெண்ணிறத் தாதுகோபம் உயர்ந்து நிற்கிறது.

கிழக்கே, 1938இல் தேசியப் பூங்காவான யால காடு யானைக்கும் சிறுத்தைக்கும் உறைவிடம். அக்காட்டினுள்ளே சித்துல்பவ்வ என்னும் பழம்பெரும் பௌத்தக் குகைப்பள்ளி உள்ளது. மேற்கே, வலசைப் பறவைகள் தங்கும் புந்தல ஈரநிலம், 1990இல் இலங்கையின் முதல் ராம்சர் தளமாயிற்று. வடக்கே, அருணகிரிநாதர் பாடிய கதிர்காமம் உள்ளது.

பானையோடு பேசுகிறது

திசமகாராமையின் அக்குறுகொடையில் செருமானியத் தொல்லியலாளர் அகழாய்வு செய்தபோது, கைவினைஞர் வாழ்ந்த பகுதி வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த கருப்பு சிவப்புக் கலத்தின் ஓடு ஒன்றில் எழுத்துகளும் குறியீடுகளும் இருந்தன. ஆய்வாளர் அதன் காலத்தை ஏறத்தாழ கி.மு. 200 எனக் கணித்தனர். ஐராவதம் மகாதேவன் 2010இல் அதனைத் தமிழ் பிராமி எழுத்தெனக் கொண்டு, ‘திரளி முறி’ என வாசித்தார். ‘அவையின் எழுத்துவழி உடன்படிக்கை’ எனப் பொருள் கூறினார். ‘முறி’ என்பது ஆவணத்தைக் குறிக்கும் சொல். இலங்கையில் அரசுக் கடன்பத்திரம் இன்றும் ‘திறைசேரி முறி’ எனப்படுகிறது.

இவ்வாசிப்பை அறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. சில எழுத்துகள் கொண்ட ஓட்டினைக்கொண்டு முழு வரலாற்றையும் எழுதிவிட இயலாது. ஆயினும் இவ்வாசிப்பு சரியெனில், தமிழறிந்தோர் அந்நகரில் புழங்கினர் என்பதற்கு அது சான்றாகும். யாருக்கு உரிய மண் என்னும் பூசலுக்கு இச்சான்றைக் கருவியாக்குவது ஆய்வாகாது. பௌத்தப் பள்ளியும் முருகன் கோயிலும் அருகருகே விளங்கும் அந்நிலத்தில், பல மொழியினர் கலந்து வாழ்ந்திருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்கவே அது துணைசெய்கிறது.

உடைந்த கலத்தின் சிறு துண்டு ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் பேசுகிறது. அதன் குரலைத் தம் விருப்பத்திற்கேற்பத் திரிக்காமல் கேட்பதே வரலாறு கற்போர் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் ஏரியின் பெயர், மதகு, கரை, அருகிலுள்ள கல்வெட்டு ஆகியவற்றைப் பற்றி முதியோரிடம் கேட்டறிந்து, உறுதியான செய்திகளையும் செவிவழிச் செய்திகளையும் தனித்தனியே பட்டியலிடுக.