நுண்ணுயிர் வண்ணங்களும் நோய் தீர்க்கும் மருந்துகளும்

வண்ணம் என்றவுடன் நம் நினைவில் மலரும் மயிலும் தோன்றும். பட்டும் ஓவியமும் தோன்றும். மருந்துப் புட்டி தோன்றுவதில்லை. ஆயினும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் தம் உடலில் ஆக்கும் வண்ணப் பொருள்கள் சில, இன்று கொடிய நோய்களுக்கு மருந்தாக விளங்குகின்றன. அவ்வண்ணங்கள் மருந்தான வரலாற்றையும், அவற்றை நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

அஞ்ச வைத்த செந்நிறம்

1819ஆம் ஆண்டுக் கோடையில், இத்தாலி நாட்டின் பதுவா நகரை அடுத்த லெஞாரோ என்னும் சிற்றூரில், உழவர் ஒருவர் வீட்டு மக்காச்சோளக் களியில் குருதி நிறப் புள்ளிகள் தோன்றின. தீய ஆவியின் செயல் என்று ஊரார் நடுங்கினர். பார்த்தலோமியோ பிசியோ என்னும் மருந்தியல் அறிஞர் நடுங்கவில்லை, ஆராய்ந்தார். ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் புதிய களியை வைத்தபோது அதிலும் அதே செம்மை படர்ந்தது. ஓர் உயிரே இதற்குக் காரணம் எனத் தெளிந்த அவர், அதற்குச் 'செர்ராசியா மார்செசென்ஸ்' எனப் பெயரிட்டார். அதனைப் பூஞ்சை என அவர் கருதினார். அது பாக்டீரியா என்பது பின்னரே விளங்கியது. அதன் செந்நிறமிக்குப் 'புரோடிஜியோசின்' என்பது பெயர். சோதனைக் குழாயில் புற்றுநோய் உயிரணுக்களை அழிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு எனினும், அது இன்னும் மருந்தாகவில்லை. அச்சத்தை ஆராய்ச்சி வென்ற நிகழ்ச்சி என்னும் வகையில் இது நம் கருத்தில் நிற்க வேண்டுவது.

வண்ணம் எதற்கு?

நுண்ணுயிர்க்கு வண்ணம் அழகுக்காக அமைந்ததன்று. சிலவற்றிற்கு அது கேடயம். சிலவற்றிற்கு அது படைக்கலம். சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் 'ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்னும் பாக்டீரியாவின் பொன்னிறம், நம் குருதி வெள்ளணுக்களின் தாக்குதலிலிருந்து அதனைக் காக்கிறது. புண்ணில் வடியும் சீழ் சில வேளைகளில் நீலமாக இருப்பதற்குக் காரணமான நிறமியை, ஃபோர்டோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1860இல் பிரித்தெடுத்தார். 'பயோசயனின்' எனப்படும் அந்நிறமி, பிற நுண்ணுயிர்களைக் கொல்வதோடு மனித உயிரணுக்களையும் வருத்துகிறது. ஆகவே, நிறமி என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. அதன் ஆற்றலை அறிந்து, அளவறிந்து ஆளும்போதே அது மருந்தாகிறது.

புற்றை எதிர்க்கும் வண்ணங்கள்

1940ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனும் அவர்தம் மாணவர் உட்ரஃபும் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து 'ஆக்டினோமைசின்' என்னும் செம்மஞ்சள் நிறப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது கிருமிகளைக் கொன்றது. ஆயின் சோதனை விலங்குகளையும் கொன்றது. நஞ்சென்று ஒதுக்கத்தக்க அப்பொருளின் ஒரு வகையே, பின்னர்க் குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் 'வில்ம்ஸ் கட்டி' என்னும் புற்றுநோய்க்குப் பயன்படும் மருந்தாயிற்று. மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கிடையே அது புகுந்துகொள்கிறது. அதனால் அங்கிருந்து செய்தி படியெடுக்கப்படுவது நின்றுவிடுகிறது. உயிரணு வளர்ச்சி தடைப்படுகிறது.

இத்தாலியின் அபூலியா பகுதியில் காஸ்தெல் தெல் மோந்தே என்னும் பழங்கோட்டை உள்ளது. அதன் அருகே எடுத்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரொன்று மாணிக்கச் செந்நிறப் பொருளை ஆக்கியது. அதிலிருந்து 'டானோரூபிசின்' கிடைத்தது. அந்நுண்ணுயிரின் திரிந்த வகையிலிருந்து 'டாக்சோரூபிசின்' கிடைத்தது. மார்பகப் புற்று, நிணநீர்ப் புற்று முதலிய பலவற்றிற்கு இன்றும் மருத்துவர்கள் டாக்சோரூபிசினை நாடுகின்றனர். அளவு மிகின் அது இதயத் தசையை நலிவிக்கும். ஆதலின் ஒருவர் வாழ்நாளில் பெறும் மொத்த அளவு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 550 மில்லிகிராமைத் தாண்டாதவாறு பொதுவாகக் காக்கப்படுகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே நிற்பது அளவே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

காசநோயும் செங்கல் நிற மருந்தும்

நம் நாட்டவர்க்கு மிக நெருங்கியது மற்றொரு வண்ணம். 1957இல் பிரான்சின் தென்கடற்கரையில் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிர் 'ரிஃபாமைசின்' என்னும் பொருள்களைத் தந்தது. மிலான் நகர ஆய்வாளர்கள் அவற்றைப் பல்வகையாக மாற்றியமைத்து, வாய்வழி உட்கொள்ளத்தக்க 'ரிஃபாம்பிசின்' என்னும் மருந்தை 1965இல் உருவாக்கினர். செங்கல் நிறமுடைய அது, காசநோய்க் கிருமி தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கப் பயன்படுத்தும் நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துகிறது. ஓராண்டுக்கு மேலும் நீண்ட காசநோய் மருத்துவம், பிற மருந்துகளோடு இதனைச் சேர்த்ததால் 6 மாதமாகச் சுருங்கியது.

காசநோய் ஆராய்ச்சியில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1956இல் அங்குத் தொடங்கப்பெற்ற ஆய்வு மையம், நோயாளி மருத்துவமனையில் தங்காமல் தம் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959இல் உலகிற்கு மெய்ப்பித்தது. வீட்டிலிருந்து மருந்துண்பவர் அதனை இடையில் நிறுத்தாதிருத்தலே இம்முறையின் உயிர்நாடி.

இங்கேதான் வண்ணம் மீண்டும் அச்சமூட்டுகிறது. ரிஃபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகும். வியர்வையும் கண்ணீரும் நிறம் மாறலாம். இதனை முன்னரே அறியாதவர் குருதி போகிறதென்று கலங்கி, மருந்தைக் கைவிட நேரும். நிறுத்திய மருந்தால் நோய் தீராது. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாக மாறவும் கூடும். அத்தகைய நோய், வீட்டிலுள்ள பிறரையும் பற்றும். உண்மையில் அந்நிறம் மருந்து உடலில் சேர்ந்ததன் அடையாளம். நோயாளி மருந்துண்டாரா என அறிய அதனைச் சான்றாகக் கொள்வதும் உண்டு. ஆயின் கண்ணின் வெண்மை மஞ்சளாதலும், பசியின்மையும், வாந்தியும் காணின் அது வேறு. கல்லீரல் நலிவின் குறியாக இருக்கலாம். உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

முடிவுரை

லெஞாரோ மக்களை நடுங்க வைத்த செந்நிறத்திற்கும் காசநோயாளியைக் கலங்க வைக்கும் செந்நிறத்திற்கும் மாற்று ஒன்றே, அஃது அறிவு. கற்றோர் பெற்ற அறிவு கல்லாதார் இல்லம் வரை சென்று சேரும்போதே அது பயனுடையதாகும். நம் மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் காசநோய் மருந்துண்பவரிடம், "இந்த நிறம் மருந்தின் நிறம், அஞ்ச வேண்டா, நிறுத்த வேண்டா" என்று எடுத்துரைப்பாராயின், ஓர் உயிரையும் ஒரு குடும்பத்தையும் காத்தவராவர். ஆய்வுக்கூடம் கண்ட மருந்தை நோயாளியின் கையில் நிலைக்கச் செய்யும் பணி நம்முடையது.