மீட்டர் முதல் கிளவுட் வரை: ஆலையில் ஐஓடி கேட்வே அமைக்கும் முறை

நூற்பாலையின் மின்பலகைகளில் உள்ள எனர்ஜி மீட்டர்கள் வோல்டேஜ், கரன்ட், பவர் ஃபேக்டர், யூனிட் எனப் பல அளவுகளை இடைவிடாமல் கணக்கிடுகின்றன. ஷிஃப்டுக்கு ஒருமுறை யாராவது நோட்டில் குறித்துக்கொள்வதைத் தவிர, அவற்றில் பெரும்பகுதி எங்கும் பதிவாவதில்லை. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் செலவானது என்று மெஷின்வாரியாகப் பார்க்க விரும்பும் ஆலைக்கு இந்த நோட்டு போதாது. மீட்டர்களிடம் கேட்டு வாங்கிய அளவுகளை இணையத்தில் அனுப்பத்தக்க வடிவுக்கு மாற்றி, கிளவுடில் சேர்க்கும் சிறு கணினியே கேட்வே. இருபது மீட்டர்கள் உள்ள ஓர் ஆலையில் மோட்பஸ் ஆர்டியூ முறையில் அளவுகளைத் திரட்டி, அமேசானின் ஏடபிள்யூஎஸ் ஐஓடி கோர் சேவைக்கு அனுப்புவதை இங்கே எடுத்துக்கொள்ளலாம். வேறு நிறுவனத்தின் கிளவுட் என்றாலும் முதல் பாதி வேலை மாறாது. சிரமம் இருப்பதும் அந்தப் பாதியில்தான்.

வாங்குவதற்கு முன் ஒரு பட்டியல் தயாராக வேண்டும். ஒவ்வொரு மீட்டரின் மாடல், இருக்கும் பலகை, சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) விகிதம், மோட்பஸுக்கான ஆர்எஸ்-485 போர்ட் உண்டா இல்லையா என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். ஒரே தோற்றமுள்ள இரண்டு மீட்டர்களில் ஒன்றில் மட்டும் அந்த போர்ட் இருப்பது அரிதல்ல. கேட்வேயைப் பொறுத்தவரை, டின் ரெயிலில் மாட்டக்கூடிய, 24 வோல்ட் டிசியில் இயங்கும், ஃபேன் இல்லாத பெட்டி நல்லது. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் ஃபேன் நெடுநாள் தாங்காது. ஆர்எஸ்-485 போர்ட் மின்காப்பு கொண்டதாகவும், ஈத்தர்நெட் போர்ட் இரண்டாகவும் இருக்க வேண்டும். ராஸ்பெரி பையும் எஸ்டி கார்டும் சோதனைக்குப் போதும். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய பலகைக்கு அவை ஏற்றவை அல்ல.

கம்பி இழுத்தல்

ஆர்எஸ்-485 கம்பி ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு எனச் சங்கிலியாகச் செல்ல வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலாபுறமும் பிரித்தால் சிக்னல் எதிரொலித்துக் கெடும். முறுக்கிய இணைக்கம்பி, வெளியே ஷீல்டு, சங்கிலியின் இரு முனைகளிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர், ஷீல்டுக்கு ஒரே ஒரு முனையில் எர்த்: பெரும்பாலான தகராறுகளை இந்த நான்கும் தடுத்துவிடும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் தூரம் வரை போகலாம். ஒரு சங்கிலியில் வழக்கமாக 32 கருவிகள் வரை சேர்க்கலாம். மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே டிரேயில் இதைப் படுக்க வைக்கக் கூடாது.

ஏ, பி என்ற முனைப் பெயர்களை எல்லா நிறுவனங்களும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. பதிலே வராத மீட்டரில் முதலில் இந்த இரு கம்பிகளை மாற்றிப் பார்ப்பதே வழக்கம். அதனால் எதுவும் கெட்டுவிடாது. மீட்டரின் சிடி முனைகள் அப்படிப்பட்டவை அல்ல. மின்சாரம் ஓடும்போது சிடியின் செகண்டரி கம்பியைக் கழற்றினால் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் அங்கே எழும். பலகைக்குள் செய்யும் வேலை முழுவதும் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனின் பொறுப்பு.

அடுத்து ஒவ்வொரு மீட்டரின் முகப்பிலும் 1 முதல் 247க்குள் ஒரு தனி முகவரி தர வேண்டும். வேகமும் பாரிட்டியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 9600 பாட், ஈவன் பாரிட்டி என்பது நல்ல தொடக்கம்.

எண் சரியா?

மோட்பஸ் 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்டது. அதன் எளிமை இன்றும் பயன்படுகிறது. அதன் பழமை இன்றும் தொல்லை தருகிறது. ஒரு ரெஜிஸ்டரில் 16 பிட் மட்டுமே அடங்கும். தசம எண் என்றால் இரண்டு ரெஜிஸ்டர்கள் தேவை, ஆனால் எது முதலில் என்பதை மோட்பஸ் விதி சொல்வதில்லை. 230.5 வோல்ட் என்பது 17254, 32768 என்ற இரு ரெஜிஸ்டர்களாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையை மாற்றிச் சேர்த்தால் சுழியத்தை ஒட்டிய அர்த்தமற்ற ஓர் எண் கிடைக்கும். முகவரியிலும் ஒரு குழப்பம் உண்டு. கையேட்டில் 40001 என்று அச்சிட்டிருப்பது கம்பியில் 0 என்றே போகும். ஆகவே எண்கள் ஒரு வரி தள்ளி வந்தால், ஒன்றைக் கழித்துப் பார்க்க வேண்டும். அளவுகள் ஃபங்ஷன் 03இல் உள்ளனவா 04இல் உள்ளனவா என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எம்பிபோல் போன்ற சிறு நிரலைக் கொண்டோ, கேட்வேயில் நோட்-ரெட் இருந்தால் அதன் மோட்பஸ் முனை வழியாகவோ ஒவ்வொரு மீட்டரையும் தனித்தனியே படித்து, மீட்டரின் திரையோடு ஒப்பிட வேண்டும். வோல்டேஜ் சரியாக இருந்து, கரன்ட் மட்டும் மீட்டரின் திரையிலும் உண்மையைவிடப் பல மடங்கு குறைந்தால் சிடி விகிதம் மீட்டரில் சரியாகப் பதியப்படவில்லை என்று பொருள். அதை மீட்டரிலேயே திருத்துவதுதான் முறை. கேட்வேயில் பெருக்கிச் சமாளித்தால், நாளை யாராவது மீட்டரைச் சரிசெய்யும்போது கணக்கு இருமுறை பெருக்கப்படும். திரையும் கேட்வேயும் ஒரே எண்ணைக் காட்டும் வரை கிளவுடைத் தொட வேண்டியதில்லை.

எத்தனை நொடிக்கு ஒருமுறை படிக்கலாம் என்பது கணக்கில் வரும் விஷயம். இருபது ரெஜிஸ்டர்களைக் கேட்க 8 பைட், பதிலுக்கு 45 பைட். 9600 வேகத்தில் இது சுமார் 60 மில்லிநொடி. மீட்டர் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து 150 என்று வைத்தால், இருபது மீட்டர்களுக்கு 3 நொடி. பதில் தராத மீட்டருக்காகக் காத்திருக்கும் நேரமும் உண்டு என்பதால் பத்து நொடி இடைவெளி பாதுகாப்பானது.

கிளவுடில் சேர்த்தல்

கேட்வேயின் ஒரு ஈத்தர்நெட் போர்ட் ஆலைப் பக்கம், மற்றது இணையப் பக்கம். இரண்டுக்கும் இடையே போக்குவரத்து இருக்கக் கூடாது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். 2016இல் மிராய் என்ற தீநிரல் மாற்றப்படாத பாஸ்வேர்டுகளைக் கொண்டுதான் ஏராளமான கருவிகளைப் பிடித்தது. அளவுகளை அனுப்ப, ஃபயர்வாலில் வெளியே செல்லும் 8883 போர்ட் மட்டும் திறந்தால் போதும். உள்ளே வரும் வழி எதுவும் வேண்டாம். என்டிபி என்ற நேரச் சேவை வழியாகக் கடிகாரம் சரியாக வேண்டும் என்பதால் அதற்கும் வழி விட வேண்டும். கடிகாரம் 1970இல் நின்றால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று டிஎல்எஸ் இணைப்பு மறுக்கப்படும். காரணம் தெரியாமல் பலர் சான்றிதழையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஏடபிள்யூஎஸ் கன்சோலில் மும்பை ரீஜனைத் தேர்ந்து, ஐஓடி கோரில் கேட்வேக்கு ஒரு ‘திங்’ (கருவிப் பதிவு) உருவாக்க வேண்டும். அப்போது கிடைக்கும் சான்றிதழ், பிரைவேட் கீ, அமேசான் ரூட் சான்றிதழ் ஆகிய மூன்றையும் கேட்வேயில் ஏற்ற வேண்டும். பிரைவேட் கீயை அந்த ஒரு முறைதான் இறக்க முடியும். அதை ஈமெயிலில் அனுப்பும் பழக்கம் ஆபத்து. பாலிசியில் எல்லாவற்றுக்கும் அனுமதி என்று நட்சத்திரக் குறி போடுவது சோதனை நாளோடு முடிய வேண்டும். இந்தக் கேட்வே தன் பெயரில் இணையலாம், தன் டாப்பிக்கில் (செய்தித் தலைப்பில்) அனுப்பலாம் என்பதற்கு மேல் அதற்கு உரிமை தேவையில்லை. இரண்டு கேட்வேகளுக்கு ஒரே கிளையன்ட் ஐடி தந்தால் ஒன்று நுழையும்போது மற்றது வெளியே தள்ளப்படும். விட்டு விட்டு இணையும் கேட்வேயில் முதலில் பார்க்க வேண்டியது இது.

அனுப்பும் முறை எம்க்யூடிடி. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது அது; மெலிந்த, அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கென்றே பிறந்தது. டாப்பிக்கை ஆலை, கட்டடம், பலகை என்ற வரிசையில் அமைக்கலாம். ஒவ்வொரு செய்தியிலும் மீட்டர் எண்ணும் படித்த நேரமும் கட்டாயம் இருக்க வேண்டும். கிளவுடுக்கு வந்து சேர்ந்த நேரத்தை நம்பக் கூடாது.

செலவும் இங்கேதான் தீர்மானமாகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை இருபது மீட்டர்களும் தனித்தனியே அனுப்பினால் 30 நாளில் 8,64,000 செய்திகள். இருபதையும் ஒரே ஜேசனில் கட்டினால் 43,200. ஒரு செய்தி 5 கேபி வரை ஒன்றாகவே கணக்கிடப்படுவதால் கட்டி அனுப்புவதே லாபம்.

இணையம் அறுந்தால் கேட்வே தன் டிஸ்கில் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்ப வேண்டும். நிமிடத்துக்கு 2 கேபி என்றால் ஒரு நாளுக்கு 3 எம்பிகூட ஆகாது. ஒரு மாதம் சேர்ந்தாலும் 100 எம்பிக்குள் அடங்கும். எம்க்யூடிடியில் ‘க்யூஓஎஸ் 1’ என்ற நிலையை வைத்தால் கேட்வேக்கு ஒப்புதல் வரும், ஆனால் ஒரே செய்தி இருமுறை போய்ச் சேரவும் கூடும். மீட்டர் எண்ணையும் நேரத்தையும் சேர்த்துச் சாவியாக வைத்தால் டேட்டாபேஸில் இரட்டைப் பதிவு விழாது.

ஒப்படைக்கும் முன் இணையக் கேபிளை ஒரு மணி நேரம் பிடுங்கிவைத்து மீண்டும் செருக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தின் அளவுகள் முழுவதும், சரியான நேரத்தோடு, கிளவுடில் தோன்ற வேண்டும். பிறகு கேட்வேயின் மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, யாரும் தொடாமலே அது வேலையைத் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முகவரிப் பட்டியலும் ரெஜிஸ்டர் வரைபடமும் கிளவுடில் மட்டும் இருக்கக் கூடாது. ஒரு பிரதி பலகைக் கதவின் உட்புறத்திலும், இன்னொன்று ஆலை அலுவலகத்திலும் இருக்கட்டும். கூகுள் தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஆகஸ்டில் மூடிவிட்டது. அப்படி ஒரு நாள் வந்தால், பொதுத்தரமான எம்க்யூடிடியும் கையில் வரைபடமும் வைத்திருக்கும் ஆலை பெரும்பாலும் கிளவுட் பக்க வேலையை மட்டும் மறுபடி செய்தால் போதும். மீட்டர் பக்கம் ஒரு கம்பியைக்கூடக் கழற்ற வேண்டியிருக்காது.